செத்தவனுக்கு இன்னா படிப்பு?

பெரியப்பா செத்து ஒன்பதாம் நாள் அது. வருஷம் 2016. இறப்பைப் பதிய நானும் பெரியம்மாவும் போயிருந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எங்களைப் பார்த்தார், முகவரியில் இருந்த 'காலனி' என்ற சொல்லைப் பார்த்தார், படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதி முடித்துவிட்டார். நாங்கள் வாயைத் திறக்கவே இல்லை.

கூலி என்பது பொய்யில்லை. அறுப்புக்குப் போனார், கல் உடைக்கப் போனார், பௌர்ணமிக் கூட்டத்தில் பந்தல் கால் நட்டார். ஆனால் கேட்காமல் எழுதியதுதான் எனக்கு உறுத்தியது. அடுத்து வந்த கேள்விகளைக் கேட்டதும் அந்த உறுத்தல் வேறு மாதிரி ஆனது.

"பீடி புடிப்பாரா? எத்தினி வருஷமா?"

"பொகையில போடுவாரா? எத்தினி வருஷமா?"

"பாக்கு?"

"குடி உண்டா? எத்தினி வருஷமா?"

இவர் வம்புக்குக் கேட்கவில்லை. 2000-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவு விதிகளோடு வந்த படிவம் 2 அப்படித்தான் கேட்கிறது. புகை, புகையிலை, பாக்கு, மது நான்குக்கும் தனித்தனி இடம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆண்டு என்று கணக்கு. நான் சும்மா இருக்கமாட்டாமல் கேட்டேன்: "சார், எத்தினி வருஷம் படிச்சாருன்னு எழுத எடம் இல்லையா?"

அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்றும் சொல்லமாட்டேன். "செத்தவனுக்கு இன்னாப்பா படிப்பு?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். பத்து வருஷம் தாமதமாகத்தான் வருகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இறப்புச் சான்றிதழ் வேறு, இறப்பு அறிக்கை வேறு. கையில் கொடுக்கும் சான்றிதழில் பெயர், பால், தேதி, இடம், தகப்பன் அல்லது கணவன் பெயர், முகவரி என்று அத்தோடு சரி. சாவுக்கான காரணம்கூட அதில் வராது. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதை வெளியிடக் கூடாது என்கிறது. நாம் நிரப்பிக் கொடுக்கும் அறிக்கைக்கு இரண்டு பாதி உண்டு. ஒன்று சட்டப் பகுதி, அது பதிவேட்டில் நிற்கும். மற்றது புள்ளிவிவரப் பகுதி. மதம், தொழில், வைத்தியம் பார்த்தார்களா, என்ன நோய், மேலே சொன்ன பீடிக் கணக்கு எல்லாம் இதில்தான். இந்தப் பாதி பிரிந்து மேலே போய்ப் பிற பாதிகளோடு சேர்ந்து எண்ணாகிவிடும். பெரியப்பாவின் பெயர் அதில் தொலைந்துபோகும். நாம் சண்டை போட வேண்டியது இந்தப் பாதிக்காகத்தான்.

இந்தப் பாதியில் அன்று படிப்பு கிடையாது, சாதியும் கிடையாது. மதம் உண்டு. பிறப்பு அறிக்கையில், அதாவது படிவம் 1-ல், தாய் தகப்பன் படிப்பைக் கேட்கிறார்கள். பிள்ளை பிறந்தால் அப்பன் எவ்வளவு படித்தான் என்று அரசுக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. அந்த அப்பனே செத்தால் தெரிய வேண்டியதில்லை.

என்ன கெட்டுப்போச்சு என்று கேட்கும் தோழர்கள் உண்டு. ஒரு சங்கதியைச் சொல்கிறேன். இந்த நாட்டில் யார் எந்த வயதில் சாகிறார்கள் என்பது ஓர் அரசியல் கேள்வி. 2018-ல் ஐ.நா. பெண்கள் அமைப்பு வெளியிட்ட அறிக்கை, தலித் பெண்கள் சாகும் சராசரி வயது ஆதிக்க சாதிப் பெண்களைவிட 14.6 ஆண்டு குறைவு என்றது. அது 2005-06 தேசியக் குடும்ப நல ஆய்வை வைத்துப் போட்ட கணக்கு. பிறகு 2022-ல் சங்கீதா வியாசும் கூட்டாளிகளும் ஒன்பது மாநிலங்களை எடுத்து ஆயுட்காலத்தை அளந்தார்கள். ஆதிக்க சாதி இந்துக்களைவிட ஆதிவாசிகளுக்கு 4 ஆண்டுக்கு மேல், தலித்துகளுக்கு 3 ஆண்டுக்கு மேல், முஸ்லிம்களுக்கு ஏறத்தாழ 1 ஆண்டு ஆயுள் குறைவு. காசு பணம், வீட்டு வசதியைக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி முழுசாக மறையவில்லை. இரண்டு சராசரியும் வேறு வேறு விதமாகப் போட்டவை, ஒன்றோடொன்று மோதவிடக் கூடாது. நான் சொல்ல வருவது வேறு. இரண்டுமே வீடு வீடாகப் போய்க் கேட்ட ஆய்வுகளிலிருந்து வந்தவை. பதிவேட்டிலிருந்து வரவில்லை. அந்த ஒன்பதில் தமிழ்நாடு இல்லை. இறப்பைப் பதிவதில் நாம் முன்னணியில் இருக்கிற மாநிலம் என்று பெருமைப்பட்டுக்கொள்கிறோம். அவ்வளவு சாவையும் எழுதி வைத்திருக்கிறோம். அதில் சேரிச் சாவு எந்த வயதில், ஊர்ச் சாவு எந்த வயதில் என்று கேட்டால் பதிவேடு ஊமை. பீடி எத்தனை வருஷம் என்று மட்டும் சொல்லும். அதாவது நாம் சீக்கிரம் செத்தால் அதற்குக் காரணம் நம் பழக்கம் என்று சொல்ல ஏற்பாடு செய்துவிட்டு, வேறு காரணம் தேட வழி வைக்கவில்லை.

சரி, படிப்புப் பத்தி சேர்த்துவிட்டால் தீர்ந்ததா? தீராது. அமெரிக்காக்காரன் சேர்த்துப் பார்த்தான். அங்கே 1989-ல் திருத்திய மாதிரிச் சான்றிதழில் செத்தவரின் படிப்பு சேர்ந்தது. 2003-ல் மறுபடி திருத்தி, எத்தனை வருஷம் படித்தார் என்பதற்குப் பதிலாக எந்தப் பட்டம் வரை முடித்தார் என்று மாற்றினார்கள். அதை நிரப்புவது டாக்டர் இல்லை, சவ அடக்கம் செய்து கொடுக்கும் தொழில்காரர். வீட்டாரிடம் கேட்டு எழுத வேண்டும். அழுதுகொண்டிருக்கும் வீட்டில் என்னத்தைக் கேட்பது? சோர்லி, ஜான்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1996-ல், உயிரோடு இருக்கும்போது மக்கள் கணக்கெடுப்புத் துறைக்குச் சொன்ன படிப்பையும் செத்த பிறகு சான்றிதழில் ஏறிய படிப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். படிப்பு கூடியிருந்தது. உயர்நிலைப் பள்ளியை முடிக்காத பலர் முடித்தவர்களாகச் செத்திருந்தார்கள். 2010-ல் அரசின் சுகாதாரப் புள்ளிவிவர மையமே செய்த ஆய்விலும் அதே போக்குத்தான்.

இதனால் யாருக்கு நட்டம் என்று ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம். ஓர் ஊரில் படித்தவர் 100 பேர், படிக்காதவர் 100 பேர். ஒரு வருஷத்தில் படித்தவரில் 4 சாவு, படிக்காதவரில் 8 சாவு. படிக்காதவன் இரண்டு மடங்கு சாகிறான். இப்போது அந்த 8-ல் இரண்டு பேரை வீட்டார் ஆசையாக 'பத்தாவது பாஸ்' என்று சொல்லிவிட்டால் ஏட்டில் 6-க்கு 6. அநியாயம் மறைந்துபோச்சு! இரண்டே இரண்டு அன்பான பொய்யில் ஒரு சமத்துவ ஊர் உருவாகிவிட்டது. இதையே திருப்பிப் போடுங்கள். படித்துச் செத்த 4 பேரில் இரண்டு பேரை, சேரிக்காரன்தானே என்று குமாஸ்தா 'படிக்காதவர்' என எழுதினால் 2-க்கு 10. அப்போது படிக்காததால்தான் சாகிறார்கள், நாலெழுத்துப் படித்தால் சரியாகிவிடும், சாதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஒருவன் மேடை போட்டுப் பேசலாம்.

இரண்டாவது தப்பு எனக்குக் கற்பனை இல்லை. கையெழுத்துப் போடும் நேரம் வந்தபோது அந்த மேசைக்காரர் பேனாவை நீட்டவில்லை. மைப்பெட்டியைத் திறந்து பெரியம்மா பக்கம் தள்ளினார். பெரியம்மா அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றது. அப்புறம், "நா கையெய்த்தே போடுவேன் சாமி" என்றது. தொண்ணூறுகளில் அறிவொளி வந்தபோது ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் கற்றுக்கொண்ட எழுத்து. ஒவ்வோர் எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, கட்டத்துக்கு வெளியே போகாமல் எழுதி முடித்தது. பின்னால் நின்ற வரிசை முணுமுணுத்தது.

பெரியம்மா எந்தப் பத்தியில் வரும்? பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. பஸ் போர்டு படிக்கும், ரேஷன் கடைப் பலகை படிக்கும், மகளிர் குழு நோட்டில் வரவு செலவு எழுதும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விதிப்படி, 7 வயது கடந்த ஒருவர் ஏதாவது ஒரு மொழியில் புரிந்து எழுதவும் படிக்கவும் தெரிந்தால் எழுத்தறிவு பெற்றவர். பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டியதில்லை. பதிவுப் படிவத்தின் விதி வேறு. பிறப்பு அறிக்கையில் ஒரு குறிப்பே அச்சடித்திருக்கிறார்கள்: ஏழாம் வகுப்பு வரை படித்து ஆறாம் வகுப்பில்தான் தேறியிருந்தால் ஆறு என்று எழுத வேண்டும். ஒரே மனுஷி ஒரு அரசாங்க ஏட்டில் எழுத்தறிவு உள்ளவள், இன்னோர் அரசாங்க ஏட்டில் படிப்பு என்று எழுத ஒன்றும் இல்லாதவள். 2011 கணக்கெடுப்பில் நாட்டின் எழுத்தறிவு 73.0 விழுக்காடு, தலித்துகளுக்கு 66.1. தமிழ்நாட்டுக்கு 80.1, திருவண்ணாமலை மாவட்டத்துக்கு 74.2. இந்த எண்களுக்கு அடியில் எத்தனை பெரியம்மாக்கள் எந்தப் பக்கம் விழுந்தார்கள் என்பது, அன்றைக்கு வாசலில் நின்ற கணக்கெடுப்பாளர் உள்ளே வந்து உட்கார்ந்தாரா, தெருமுனையில் நின்றே எழுதினாரா என்பதைப் பொறுத்தது.

அமெரிக்கக் கதையில் இன்னொரு பாதி இருக்கிறது. அதே சான்றிதழில் இனம் என்ற பத்தியும் உண்டு. அந்த நாட்டுப் பழங்குடி மக்களில், உயிரோடு இருந்தபோது தம்மைப் பழங்குடி என்று சொன்னவர்களில் ஏறத்தாழ 10-க்கு 3 பேர் செத்தபோது வேறு இனமாக எழுதப்பட்டதை 2008-ல் வந்த ஆய்வு காட்டியது. வீட்டாரைக் கேட்காமல் முகத்தைப் பார்த்து எழுதுவதும் இதற்கு ஒரு காரணம். விளைவு, அந்த மக்களின் சாவு விகிதம் ஏட்டில் குறைந்து காட்டியது. கேட்காமல் எழுதுகிறவன் அங்கே வெள்ளை என்று எழுதுகிறான், இங்கே கூலி என்று எழுதுகிறான்.

பத்திக்காகச் சண்டை போடுவது நமக்குப் புதிதா? அயோத்திதாசப் பண்டிதர் கணக்கெடுப்பில் நம் மக்களைச் சாதியற்றவர்களாகப் பதிய வேண்டும் என்று போராடினார். 1922-ல் எம்.சி. ராஜா போன்றவர்களின் முயற்சியில் பறையர், பஞ்சமர் என்ற பெயர்களுக்குப் பதில் ஆதிதிராவிடர் என்று அரசு ஏடுகளில் மாறியது. எழுதுகிறவன் கை யாருடையது என்பதை அவர்கள் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே புரிந்துகொண்டார்கள். நாம்தான் சான்றிதழ் கையில் கிடைத்தால் போதும் என்று ஓடி வருகிறோம்.

ஓடி வருவதற்குக் காரணமும் இருக்கிறது, மறைக்க வேண்டாம். ஏட்டில் உண்மையைச் சொன்னால் நமக்கு அடி விழுகிறது. மதப் பத்தியைப் பாருங்கள். கல்லறைத் தோட்டத்தில் சிலுவை நட்டுப் புதைத்துவிட்டு வந்து 'இந்து' என்று பதியும் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை கிறித்தவரான தலித்தைப் பட்டியல் சாதி இல்லை என்கிறது. பேரப்பிள்ளையின் சான்றிதழுக்கு ஆபத்து வந்துவிடுமோ என்ற பயம். அந்தக் குடும்பம் பொய் சொல்கிறது என்று யாராவது சொன்னால், அந்தப் பொய்யை எழுதிக் கொடுத்தது 1950-ஆம் ஆண்டு ஆணைதான் என்று நான் சொல்வேன்.

தொழில் பத்தியும் அப்படியே. சாக்கடைக் குழியில் செத்தவர்களின் குடும்பத்துக்கு 10 இலட்சம் கொடுக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2014 மார்ச் 27-ல் தீர்ப்புச் சொன்னது, 1993 முதல் செத்தவர்களுக்கு. 2023 அக்டோபரில் அதை 30 இலட்சம் ஆக்கியது. ஆனால் 1993-லும் 1998-லும் செத்தவர் என்ன வேலை செய்து செத்தார் என்று எதை வைத்துக் காட்டுவது? ஏட்டில் 'கூலி', காரணம் 'மூச்சுத் திணறல்' என்று இருந்தால்? அந்த மூச்சுத் திணறலும் சான்றிதழில் வராது. கேட்காமல் எழுதிய ஒரு சொல்லின் விலை 10 இலட்சம், இப்போது 30 இலட்சம்.

நம்ம ஊரில் ஒரு வழக்கம் உண்டு, வெளியூர்த் தோழர்களுக்குத் தெரியாது. 14-ஆம் நூற்றாண்டில் செத்துப்போன வல்லாள மகாராஜாவுக்குப் பிள்ளை இல்லை என்று அண்ணாமலையாரே மகனாக நின்று வருஷா வருஷம் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய்த் திதி கொடுத்துவிட்டு வருகிறார். எழுநூறு வருஷம் ஆகப்போகிறது, ஒரு சாவை மறக்கவில்லை. ராஜாவுக்குச் சாமியே கணக்குப்பிள்ளை. அதே கிரிவலப் பாதையில் எமலிங்கம் தாண்டி எத்தனையோ பாடை போகிறது. எமனுக்குச் சித்திரகுப்தன் எழுதும் கணக்கில் பாவ புண்ணியம் எல்லாம் தப்பில்லாமல் இருக்கும் என்பார்கள். அவனும் இதுவரை யாரையும் என்ன படித்தாய் என்று கேட்டதாகக் கதை இல்லை.

2025 ஏப்ரல் 30-ல் ஒன்றிய அமைச்சரவையின் அரசியல் விவகாரக் குழு, வரப்போகும் கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளையும் எண்ணுவது என்று முடிவெடுத்தது. 2027-க்கு எண்ணப்போகிறார்கள். உயிரோடு இருப்பவனுக்குச் சாதியும் படிப்பும் ஏட்டில் ஏறும். செத்தவனுக்கு அதே இரண்டும் ஏறாவிட்டால் எதை எதால் வகுப்பது? 2023-ல் பிறப்பு இறப்புச் சட்டத்தைத் திருத்தி எல்லாப் பதிவையும் தேசிய அளவில் ஒரே தரவுத்தளமாக்க வழி செய்தார்கள். கணினியில் இன்னும் இரண்டு கட்டம் சேர்க்கக் காசு செலவாகாது. சாதியைச் சாவு ஏட்டில் எழுதினால் சுடுகாட்டுப் பாதைப் பிரச்சினையில் அதையே நமக்கு எதிராகத் திருப்புவார்கள் என்று சில தோழர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் புள்ளிவிவரப் பாதியில் மட்டும் வேண்டும் என்கிறேன். சான்றிதழில் ஒரு எழுத்தும் வேண்டாம்.

கட்டம் வந்தால் போதாது. எழுதியதைச் சொன்னவருக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். தெரியாது என்றால் தெரியாது என்றே எழுத வேண்டும். 'தெரியாது' வேறு, 'படிக்கவில்லை' வேறு. இதைக் கண்காணிக்க மாணவத் தோழர்கள் ஒவ்வொரு காலனியிலும் இரண்டு பேர், சாவு விழுந்த வீட்டாரோடு பதிவு மேசை வரை போனாலே பாதி சரியாகும். மாலை வாங்கிப் போடுகிறோம், பறையடிக்க மாட்டோம் என்கிறோம், நல்லதுதான். அந்த மேசைக்கும் போவோம்.

இதையெல்லாம் எழுதிவிட்டு என் வீட்டுக் கதையின் மீதியைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மை இல்லை.

பெரியப்பா எட்டாவது படித்தவர் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தேன். காலனிக்கே மனு எழுதிக் கொடுத்தவர். பட்டா மனு, குடிதண்ணீர் மனு, சுடுகாட்டுப் பாதை மனு. டீக்கடையில் எங்களுக்குத் தனி கிளாஸ் வைத்திருந்த காலத்தில் அதே கடை வாசலில் நின்றபடி தினத்தந்தியை உரக்கப் படித்து, உள்ளே உட்கார்ந்திருந்தவர்களும் காது கொடுக்க வைத்தவர். "எட்டாவது படிச்ச கை"யென்று ஆயா சொல்லும். நானும் மேடைகளில் சொல்லியிருக்கிறேன், எட்டாவது என்று.

2022-ல் அவர் பேத்திக்குப் பொறியியல் கலந்தாய்வு. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று வாங்க வேண்டும். 2010-11 முதல் இருக்கிற சலுகை அது, படிப்புக் கட்டணம் விலக்கு. அதற்குத் தாய் தகப்பன், அண்ணன் தம்பி, இரண்டு பக்கத்துத் தாத்தா ஆயா என்று எல்லார் படிப்பையும் எழுத வேண்டும், செத்தவர்கள் படிப்பையும் சேர்த்து. செத்தவனுக்கு இன்னா படிப்பு என்று கேட்ட அதே அரசாங்கம்தான். கணினி மையத்தில் இருந்த பையன், நம்ம பையன்தான், "தாத்தாவுக்கெல்லாம் இல்லன்னே போட்டுக்கிணா, கேள்வியே வராது" என்றான். பட்டம் வாங்காதவரை எட்டாவது என்றாலும் சலுகைக்குக் கேடில்லை என்று அவனுக்கும் தெரியும். ஆனாலும் இல்லை என்று எழுதினால் கேள்வி வராது என்பது நம் எலும்புக்குள் ஏறிய அறிவு.

நான் கோபப்பட்டு வீட்டுக்குப் போய்ப் பெரியப்பாவின் தகரப் பெட்டியைக் குடைந்தேன். மனு நகல்களுக்கு அடியில், நாலாய் மடித்து, மடிப்பில் கிழிந்து, பள்ளி மாற்றுச் சான்றிதழ் இருந்தது. ஏழாம் வகுப்பில் படிக்கும்போது நின்றுவிட்டார் என்று இருந்தது. படிவக் குறிப்பின்படி பார்த்தால் ஆறு.

அமெரிக்கக் குடும்பங்கள் செய்ததைத்தான் நாங்களும் ஐம்பது வருஷமாகச் செய்திருக்கிறோம். அந்தச் செய்தியைப் பெரியம்மாவிடம் சொன்னேன். "ஆமா, அந்த வருஷந்தான் அவங்கப்பன் ஆண்டை வீட்ல கொண்டுபோய் வுட்டுது, மாடு மேய்க்க" என்றது. அதற்கு எந்தப் பத்தியும் இல்லை.

திரும்பவும் மையத்துக்குப் போனோம். பேத்தி அந்தக் கிழிந்த தாளைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு கேட்டது: "சித்தப்பா, எட்டா, ஏழா, ஆறா? இன்னான்னு போட?"

பையன் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். வரிசை நீளமாக இருந்தது. நான் சொல்வதற்குள் அதுவே 'ஆறாம் வகுப்புத் தேர்ச்சி, ஏழாம் வகுப்பில் நிறுத்தப்பட்டார்' என்று சொல்ல, பையன் அடித்தான். கட்டத்தில் இடம் போதவில்லை. 'நிறுத்தப்ப' வரைக்கும்தான் ஏறியது.